100 பேர் ஆபீஸுக்கு 100 லைன் வேணுமா? ஐபி போன் கணக்கைப் போடுவது எப்படி?

பெங்களூரில் வளர்ந்துவரும் கம்பெனிகளில் இந்த வேலை பெரும்பாலும் ஐடி டீமிலோ அட்மினிலோ இருக்கும் இளம் ஊழியர் தலையில்தான் விழும்: "புது ஆபீஸுக்கு ஐபி போன் போடணும். எத்தனை லைன், எத்தனை லைசென்ஸ்னு பார்த்துச் சொல்லுங்க." விற்பனையாளரைக் கூப்பிட்டால் அவர் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை பேர்?"

அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பி ஆர்டர் போட்டால், ஒன்று பணம் வீணாகும். இல்லையென்றால் வாடிக்கையாளர் காதில் பிஸி டோன் கேட்கும். நீங்க பார்க்க வேண்டியது ஆட்களை அல்ல, பரபரப்பான நேரத்தில் வரும் அழைப்புகளை.

மூன்று எண்களைக் குழப்பிக்கொள்ளாதீங்க

• எக்ஸ்டென்ஷன்: உள் எண் எத்தனை பேருக்கு வேண்டும்.
• சேனல்: வெளியுலகத்தோடு ஒரே நேரத்தில் எத்தனை அழைப்புகள் பேச முடியும். பழைய பிஆர்ஐ லைன் ஒன்றில் 30 சேனல் வரும். இப்போதைய சிப் டிரங்க்கில் தேவைக்கேற்ப வாங்கலாம்.
• லைசென்ஸ்: மென்பொருள் நிறுவனம் எதை எண்ணி உங்களிடம் காசு வாங்குகிறது.

சேனல் கணக்கு எப்படி?

இந்தக் கணக்குக்கு நூறு வயது தாண்டிவிட்டது. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த கணிதவியலாளர் ஏ.கே.எர்லாங் 1917-ல் வெளியிட்ட சூத்திரம்தான் இன்றும் அடிப்படை. அவர் பெயரே அளவீட்டின் அலகாகவும் ஆகிவிட்டது.

ஒரு உதாரணம். கோரமங்களாவில் 100 பேர் இருக்கும் ஆபீஸ். காலை 11 முதல் 12 வரைதான் உச்ச நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் வருவதும் போவதுமாக 200 வெளி அழைப்புகள், சராசரியாக ஒவ்வொன்றும் 3 நிமிடம். மொத்தம் 600 நிமிடப் பேச்சு. அதை 60-ஆல் வகுத்தால் 10 எர்லாங்.

அப்போ 10 சேனல் போதும்னு தோணும். ஆனால் அழைப்புகள் ரேஷன் கடை வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை. சில நிமிடம் அமைதி, திடீரென ஒரே நேரத்தில் பதினைந்து. எர்லாங் சூத்திரப்படி இதே 10 எர்லாங்குக்கு:

• 10 சேனல் இருந்தால்: 100 அழைப்பில் சுமார் 21 அழைப்புகளுக்கு லைன் கிடைக்காது.
• 15 சேனல் இருந்தால்: 100-க்கு 4-க்குக் கொஞ்சம் குறைவு.
• 18 சேனல் இருந்தால்: 100-க்கு 1-க்கும் குறைவு.

ஆக, 100 பேர் ஆபீஸுக்கு 18 சேனல் போதும். அழைப்பு இரட்டிப்பாகி 20 எர்லாங் ஆனால்கூட 36 வேண்டாம், 30 போதும். சேனல்களைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் ஒரே தொகுப்பாக வைத்தால் கிடைக்கும் லாபம் இது.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு

லைன் நிரம்பியிருக்கும்போது வரும் அழைப்பை ஆபரேட்டரே திருப்பி அனுப்பிவிடலாம். அது உங்க சிஸ்டத்தை எட்டாததால், உங்க ரிப்போர்ட்டில் 'மிஸ்டு கால்' ஆகக்கூட வராது. "எல்லா காலும் எடுக்கிறோமே" என்று டீம் சொல்லும். வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போயிருப்பார். எனவே சேனல் நிரம்பியதால் திரும்பிய அழைப்புகளின் எண்ணிக்கையை ஆபரேட்டரிடம் மாதாமாதம் கேட்டு வாங்குங்க.

இன்னொன்று: ஆபீஸுக்கு வந்த அழைப்பை ஊழியரின் மொபைலுக்குத் திருப்பிவிட்டால் பொதுவாக இரண்டு சேனல் பிடிக்கும், உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் ஆப் வழியே பேசினால் ஒன்றுதான்.

இன்டர்நெட் வேகம் போதுமா?

ஜி.711 முறையில் ஒரு அழைப்புக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 87 கேபிபிஎஸ் ஆகும். 18 அழைப்புக்கு 1.6 எம்பிபிஎஸ்கூட வராது. பெரும்பாலும் சிக்கல் வேகத்தில் இல்லை. யாரோ பெரிய ஃபைல் அப்லோட் செய்யும்போது குரல் உடையாமல் இருக்க, ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுங்க. கரண்ட் போனால் ஐபி போனும் போய்விடும். அதனால் சுவிட்ச், ரவுட்டர் இரண்டையும் யுபிஎஸ்ஸில் இணைப்பது கட்டாயம்.

மென்பொருள் லைசென்ஸ்: எதை எண்ணுகிறார்கள்?

• ஆள் கணக்கு: மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் போன் இந்த வகை. ஒருவர் நாளுக்கு ஒரு கால் பேசினாலும் முழு லைசென்ஸ்.
• ஒரே நேர அழைப்புக் கணக்கு: 3சிஎக்ஸ் இப்படித்தான் விற்கப்பட்டுவருகிறது. உள் அழைப்புகளும் இதில் சேருமா என்று கேளுங்க.
• ஓப்பன் சோர்ஸ்: 1999-ல் தொடங்கிய ஆஸ்டரிஸ்க்குக்கு லைசென்ஸ் கட்டணம் இல்லை. ஆனால் அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆளுக்குச் சம்பளம் உண்டு.

மூன்று ஷிஃப்ட்டில் 40 பேர் வீதம் 120 பேர் என்றால், முதல் வகையில் 120 லைசென்ஸ். இரண்டாவதில் ஒரு ஷிஃப்ட்டின் உச்ச அழைப்புக்கு மட்டும். வரவேற்பறை, மீட்டிங் ரூம், செக்யூரிட்டி கேட் போன்களுக்கு விலை குறைந்த தனி லைசென்ஸ் இருக்கிறதா என்றும் விசாரியுங்க.

அரசு லைசென்ஸ் வேறு விஷயம்

கால் சென்டர், பிபிஓ போன்றவற்றைத் தொலைத்தொடர்புத் துறை 'ஓஎஸ்பி' என்று வகைப்படுத்தியிருந்தது. 2020 நவம்பர் 5-ல் அவற்றுக்கான பதிவு கட்டாயம் நீக்கப்பட்டது. 2021 ஜூன் 23-ல் வந்த தளர்வின்படி, இபிஏபிஎக்ஸ் உலகில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஊழியர் வீட்டு பிராட்பேண்டிலிருந்து நேரடியாக இணையலாம்.

ஆனால் ஒரு கோடு இருக்கிறது. பெங்களூரும் ஓசூரும் பக்கத்து ஊர்தான். தொலைத்தொடர்பு வட்டம் வேறு. இரண்டு கிளைகள் தங்களுக்குள் ஐபி வழியே பேசலாம். அதற்காக, ஒரு ஊரில் வரும் பொது நெட்வொர்க் அழைப்பைத் தனி லைனில் கடத்தி, ஆபரேட்டரைத் தவிர்த்து இன்னொரு ஊரின் பொது நெட்வொர்க்கில் இறக்கக் கூடாது. இதற்குப் பெயர் டோல் பைபாஸ். கிளைகளை ஒரே டிரங்க்கில் இணைக்கும் முன் ஆபரேட்டரிடம் எழுத்தில் உறுதி வாங்கிக்கொள்ளுங்க.

"சிம் பாக்ஸ் வெச்சா பாதி காசுதான்" என்று யாராவது ஆசை காட்டினால் விலகிவிடுங்க. 2021 ஜூனில் பெங்களூரு போலீஸும் ராணுவ உளவுப் பிரிவும் சேர்ந்து பிடித்த சட்டவிரோத எக்ஸ்சேஞ்சில் 32 சிம் பாக்ஸ்கள் இருந்தன. ஒரே நேரத்தில் 960 சிம்களை இயக்கும் அமைப்பு அது. விளம்பர அழைப்புக்கு 140 வரிசை எண்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆர்டர் போடும் முன்

1. இரண்டு வார பில் அல்லது கால் ரிப்போர்ட்டில் உச்ச மணி நேரத்தைக் கண்டுபிடியுங்க.
2. அந்த மணி நேர அழைப்புகளைச் சராசரி நிமிடத்தால் பெருக்கி 60-ஆல் வகுங்க. அதற்கான சேனலை எர்லாங் பி அட்டவணையில் பாருங்க.
3. விற்பனை அதிகமாகும் பண்டிகை மாதத்துக்கு சேனலைக் கூட்டி, பிறகு குறைக்க முடியுமா என்று ஒப்பந்தத்தில் பாருங்க.
4. ஆள் கணக்கு, அழைப்புக் கணக்கு இரண்டுக்கும் மூன்று வருடச் செலவைப் போட்டு ஒப்பிடுங்க.

அடுத்த தடவை விற்பனையாளர் "எத்தனை பேர்?" என்று கேட்டால், "10 எர்லாங், நூற்றில் ஒன்றுக்கு மேல் பிஸி டோன் கூடாது" என்று சொல்லுங்க. அதன் பிறகு வரும் கொட்டேஷனை உங்களால் சரிபார்க்க முடியும்.