ஃப்ரிமாண்ட் வீதியில் ஒரு மறுவருகை

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்துப் பாலைவனத்தின் நடுவே அமைந்த லாஸ் வேகாஸ் நகரில், டெக்சாஸிலிருந்து குடிபெயர்ந்த பென்னி பினியன் என்பவர் 1951-ஆம் ஆண்டு ஃப்ரிமாண்ட் வீதியில் திறந்த ஹார்ஸ்ஷூ என்னும் சூதாட்ட விடுதிக்கு, அதனினும் பன்மடங்கு ஆடம்பரமான விடுதிகள் பிற்காலத்தில் எழுந்த பின்னரும் குன்றாத கௌரவம் ஒன்று இருந்தது. போக்கர் என்னும் சீட்டாட்டத்தில் உலகிலேயே சிறந்தவர் யார் என்ற கேள்விக்கு ஆண்டுதோறும் அங்கேதான் விடை கண்டார்கள். 1970-இல் இப்போட்டி தொடங்கியபோது வந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. அவர்கள் தமக்குள் வாக்கெடுத்து ஜானி மாஸ் என்ற மூத்த ஆட்டக்காரரைச் சாம்பியன் என்று தீர்மானித்தார்கள். மறு ஆண்டு முதல், மேஜையிலுள்ள பந்தய வில்லைகள் அனைத்தும் ஒருவரிடம் சேரும்வரை ஆடித் தீர்ப்பது என்ற முறை ஏற்பட்டது. பின்னர் நுழைவுப் பணம் 10,000 டாலர் என்று நிலைபெற்றது.

நெடுநாள் விட்டுப்போன வித்தையை மனிதன் மீண்டும் கைக்கொள்வது எங்ஙனம் என்பதை ஆராய விரும்புகிறவர்களுக்கு, இந்த விடுதியின் சரித்திரத்தில் 1997-ஆம் ஆண்டைப் போல உபயோகமான அத்தியாயம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். அதன் நாயகர் ஸ்டூ உங்கர்.

1953-இல் நியூயார்க்கில் பிறந்த உங்கர், பால்யத்திலேயே ஜின் ரம்மி ஆட்டத்தில் அபாரமான சாமர்த்தியம் காட்டினார். மேஜையில் விழுந்த சீட்டு ஒன்றையும் மறவாத ஞாபகசக்தியும், எதிரி எடுப்பதையும் கழிப்பதையும் கொண்டே அவன் கையில் எஞ்சியிருப்பதைக் கணிக்கும் கூர்மையும் ஒருங்கே வாய்த்திருந்தபடியால், இளமை கடப்பதற்கு முன்பே அவரோடு ரம்மி ஆட ஆள் கிடைக்காத நிலை வந்துவிட்டது. எதிராளி இல்லாத நிபுணனுக்கு வேறு ஆட்டம் தேடுவதன்றி வழியில்லை. 1970-களின் பிற்பகுதியில் அவர் லாஸ் வேகாஸ் சென்று போக்கரைப் பற்றிக்கொண்டார்.

ஹார்ஸ்ஷூவில் ஆடப்பட்ட போக்கரின் முறை எளிது. ஆளுக்கு இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். பிறகு மேஜையின் நடுவே முதலில் மூன்றும், அடுத்து ஒன்றும், கடைசியில் ஒன்றுமாக ஐந்து பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். இவ்வேழில் ஐந்தைக் கொண்டு உயர்ந்த சேர்க்கையை அமைப்பவர் வெல்வார். சீட்டு திறக்கப்படுவதற்கு முன்பும் ஒவ்வொரு திறப்புக்குப் பின்பும் பந்தயம் உண்டு. எந்த நேரத்திலும் தம்மிடமுள்ள வில்லைகள் அனைத்தையும் முன்னே தள்ளும் உரிமையும் உண்டு. ஆகவே, நல்ல சீட்டு வருவதைக் காட்டிலும், எதிரே இருப்பவன் எந்தச் சமயத்தில் எதற்கு அஞ்சுகிறான் என்பதை அறிவதே இவ்வாட்டத்தின் சூட்சுமம். அந்த அறிவு கல்வெட்டைப் போல நிலைத்திருப்பதன்று. தினந்தோறும் மேஜையில் அமர்ந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டியது.

1980-இல் 73 பேர் கலந்துகொண்ட போட்டியின் இறுதியில், இரண்டு முறை பட்டம் வென்ற டாய்ல் பிரன்சனை 26 வயது உங்கர் தோற்கடித்தார். ஒரே போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவருடைய ஆட்டம் மேன்மேலும் தேர்ச்சி பெற்றதைத் தாம் முதன்முறையாகக் கண்டதாகப் பிரன்சன் பிற்பாடு சொன்னார். இந்தச் சாட்சியம் மிக முக்கியமானது என்று கருதுகிறேன். உங்கருடைய கூர்மை முழுவதும் ஆயத்தமாக வந்து அமரும் கூர்மையன்று. அமர்ந்த பிறகு, எதிரிகளைப் பார்க்கப் பார்க்க வளர்வது. அடுத்த ஆண்டும் அவரே வென்றார்.

அதன் பிறகு வந்த சரிவைச் சுருக்கமாகச் சொல்வதே தகும். பிற போட்டிகளில் வெற்றிகள் இருந்தும், ஜெயித்த பணம் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் கரைந்தது. கொகெய்ன் பழக்கம் உடலைத் தின்றது. 1990-ஆம் ஆண்டுப் போட்டியின் மூன்றாம் நாள் அவர் ஆட வரவில்லை. விடுதி அறையில் பிரக்ஞையற்றுக் கிடந்தார். ஆளில்லாத அவர் இடத்திலிருந்து கட்டாயப் பந்தயங்கள் சுற்றுதோறும் கழிக்கப்பட்டுக்கொண்டே வந்தன. அப்படியிருந்தும், முதல் இரண்டு நாட்களில் சேர்த்திருந்த வில்லைகளின் பெருக்கத்தால் ஒன்பதாம் இடம் கிடைத்தது. பின்னர் வந்த ஆண்டுகளில் அவர் கடனில் மூழ்கிப் பெரிய மேஜைகளிலிருந்து மறைந்துபோனார். இதற்கிடையே ஆட்டமும் மாறியது. முன்னோர் அநுபவத்தால் அடைந்த ஞானத்தை, பிரன்சன் எழுதி வெளியிட்ட பெரிய நூலைப் படித்தே தெரிந்துகொண்ட புதிய தலைமுறையொன்று மேஜைகளை நிரப்பியது.

1997-ஆம் ஆண்டு மே மாதம் 312 பேர் பதிவு செய்திருந்த அப்போட்டி தொடங்கும் தறுவாயில், பில்லி பாக்ஸ்டர் என்ற நண்பர், வரும் பரிசில் பாதி தமக்கு என்ற ஒப்பந்தத்தின் பேரில், உங்கருக்காக நுழைவுப் பணம் செலுத்தினார். வந்து அமர்ந்தவரோ பழைய உங்கர் அல்லர். கொகெய்னால் உட்குழிந்த மூக்கை மறைக்க உருண்டையான நீலக் கண்ணாடி அணிந்திருந்தார். பல நாள் உறக்கமின்மையால் முதல் நாள் மேஜையிலேயே கண் செருகிற்று. இடைவேளையில், தம்மால் முடியாது என்று மைக் செக்ஸ்டன் என்ற சக ஆட்டக்காரரிடம் சொன்னபோது, இந்த ஒரு நாளை மட்டும் தாக்குப்பிடிக்கும்படி அவர் தைரியமூட்டினார் என்பார்கள். பல்லாண்டு பாடாதிருந்த வித்துவான் முதல் கீர்த்தனையில் சுருதியைத் தேடித் தடுமாறிவிட்டு, பல்லவிக்கு வருவதற்குள் தம் பழைய சாரீரத்தைக் கண்டுகொள்வதைப் போல, அன்றிரவு உறங்கி எழுந்த உங்கர் இரண்டாம் நாள் முதல் வேறு மனிதராக ஆடினார். 1980-இல் பிரன்சன் கண்ட அதே குணம் இது: மேஜைதான் அவருக்கு அப்பியாச சாலை.

அவருடைய லட்சியமும் இவ்விடத்தில் கவனிக்கத்தக்கது. கடன்கள் ஏராளமாக இருந்தும் அவற்றை அவர் முன்னிறுத்தவில்லை. தம் மகளின் புகைப்படத்தைக் கூடவே வைத்துக்கொண்டு, ஆட்டத்தின் போக்கை அவ்வப்போது தொலைபேசியில் அவளுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தார். மகளுக்காக வெல்வது என்னும், கையெட்டும் தூரத்தில் இருந்த அந்த லட்சியம், நான்கு நாள் நீடிக்கும் ஒரு காரியத்துக்குப் போதுமானதாகவும் இருந்தது.

இறுதி மேஜை அவ்வாண்டு விடுதிக்கு வெளியே, ஃப்ரிமாண்ட் வீதியிலேயே போடப்பட்டது. எஞ்சிய அறுவரில் உங்கரிடமே அதிக வில்லைகள். அவருக்கு அடுத்தபடியாக இருந்தவர் ரான் ஸ்டான்லி. அவ்விருவரும் மோதிய ஓர் ஆட்டத்தைப் போக்கர் பயில்வோர் இன்றும் எடுத்துப் பேசுகிறார்கள். பொதுச் சீட்டுகளில் ஏஸும் ராஜாவும் இருந்தன. ஸ்டான்லியிடம் ஒன்பதில் ஒரு ஜோடி இருந்தது. உங்கரிடமோ எதனோடும் பொருந்தாத ராணியும் பத்தும். ஆயினும் கடைசிச் சீட்டுக்குப் பின் உங்கர் பெரும் பந்தயம் வைத்தார். நெடுநேரம் யோசித்த ஸ்டான்லி, வெல்லவேண்டிய தம் சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகினார். உடனே உங்கர் தம் வெறுங்கையைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார். இதை இறுமாப்பு என்று சொல்வோர் உண்டு. எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தான் ஏமாற்றப்பட்டதை அறிந்தவன் அடுத்த ஒவ்வொரு முடிவிலும் தன்னையே சந்தேகிப்பான் என்ற கணக்கு அதில் அடங்கியிருக்கிறது. ஸ்டான்லி பின்னர் நான்காம் இடத்தோடு வெளியேறினார்.

கடைசி ஆட்டத்தில் ஜான் ஸ்ட்ரெம்ப் என்பவரிடம் ஏஸும் எட்டும், உங்கரிடம் ஏஸும் நான்கும். ஏஸ், ஐந்து, மூன்று, மீண்டும் மூன்று என்று பொதுச் சீட்டுகள் வந்தவரை ஸ்ட்ரெம்பே முன்னணியில் இருந்தார். ஐந்தாவதாக வந்த இரண்டு, ஏஸ் முதல் ஐந்துவரை உங்கருக்கு வரிசை சேர்த்தது. 1980-இல் பிரன்சனை வீழ்த்திய கடைசிக் கையும் இதே வரிசைதான். ஆகவே, அந்த முடிவில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கில்லை என்று வாதிக்க எவராலும் இயலாது. ஆனால் அந்த இரண்டு என்னும் சீட்டு வருவதற்குமுன் நான்கு நாட்கள் 312 பேருக்கிடையே நிலைத்து நின்றது அதிர்ஷ்டம் அன்று.

பரிசு பத்து லட்சம் டாலர். ஒப்பந்தப்படி பாக்ஸ்டருக்குப் பாதி. உங்கருக்குக் கிடைத்த பாதி சில மாதங்களுக்குள் பழைய வழிகளிலேயே செலவாயிற்று. 1998-இல் பாக்ஸ்டர் மறுபடியும் நுழைவுப் பணத்தோடு தயாராக இருந்தார். ஆட்டம் தொடங்கச் சற்று முன்பு, தமக்குச் சக்தியில்லை என்று உங்கர் சொல்லிவிட்டார். கூர்மை போய்விட்டது என்று இதை விளக்குவோருடன் நான் உடன்படவில்லை. ஓர் ஆண்டுக்கு முன்னர் அதைவிட மோசமான நிலையில் வந்தமர்ந்தவர்தாமே அவர்? நான்கு நாட்களுக்கு அப்பால் அவர் தமக்கென்று வைத்துக்கொண்ட குறி ஒன்றும் இல்லை. வென்றதும், இருந்த அந்த ஒரு குறியும் தீர்ந்துபோயிற்று. அவ்வாண்டு நவம்பர் 22-ஆம் தேதி, லாஸ் வேகாஸிலுள்ள மலிவான தங்குவிடுதி ஒன்றின் அறையில், 45-ஆம் வயதில் அவர் இறந்துகிடக்கக் கண்டார்கள். 2001-இல் போக்கர் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ஜானி மாஸைத் தவிர்த்தால், ஹார்ஸ்ஷூ போட்டியின் பட்டத்தை மூன்று முறை வென்றவர் அவர் ஒருவரே.