சிதைவும் ஒரு கட்டளையே



ஒளிச்சேர்க்கை என்றவுடன் பச்சை இலையும் உயிர்வளியும் நம் மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. ஆனால், உயிர்வளியை வெளியிடாமலேயே ஒளிச்சேர்க்கை செய்யும் ஊதாநிறப் பாக்டீரியாக்களும் உள்ளன. அவற்றுள் ஒன்றான ‘ரோடோபாக்டர் கேப்சுலேட்டஸ்’, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதிகளின் வரலாற்றில் சிறப்பிடம் பெற்றுள்ளது.

தொடக்கத்தில் இந்நொதிகள் செரிமானத்தோடு தொடர்புடையனவாகவே அறியப்பட்டன. 1920-இல் வால்டர் ஜோன்ஸ், கணையத்திலுள்ள இத்தகைய நொதி ஒன்றைப் பற்றி எழுதினார். வெப்பத்தாலும் அது எளிதில் செயலிழக்கவில்லை. 1940-இல் குனிட்ஸ் அதனைப் படிகமாக்கினார்.

1961-இல் தூது ஆர்.என்.ஏ. பற்றிய ஆய்வுகள் வெளிவந்தன. மரபணுவின் கட்டளையைப் புரதம் உருவாகும் இடத்திற்குக் கொண்டு செல்லும் இத்தூது, பாக்டீரியாவில் சில நிமிடங்களே நிலைக்கிறது. இவ்வளவு முயன்று உருவாக்கியதை உயிரணு ஏன் உடனே சிதைக்க வேண்டும்?

இவ்வினாவுக்குத் தெளிவான விடை ஒன்றை ரோடோபாக்டர் தந்தது. ஒளியைத் திரட்டும் புரதங்களுக்கும், அவ்வொளியாற்றலை மாற்றும் வினைமையப் புரதங்களுக்கும் உரிய கட்டளைகள் அதில் ஒரே நீண்ட தூதில் எழுதப்படுகின்றன. ஆயினும், ஒவ்வொரு வினைமையத்தையும் சூழ்ந்திருக்க ஒளிதிரட்டும் புரதங்கள் பன்மடங்கு தேவை. இது எவ்வாறு இயல்கிறது? 1985-இல் பெலாஸ்கோ, கோஹன் முதலியோர் இதனை விளக்கினர். வினைமையப் பகுதி விரைவில் சிதைகிறது. ஒளிதிரட்டும் பகுதி நெடுநேரம் நிலைத்து, மீண்டும் மீண்டும் படிக்கப்படுகிறது. சிதைவின் வேக வேறுபாடே அளவை முறைப்படுத்துகிறது!

1990-களில் ஜெர்மனியின் கப்ரியேலே குளூக் குழுவினர், அந்த விரைவான சிதைவைத் தொடங்கி வைப்பது ‘ஆர்.என்.ஏஸ் ஈ’ போன்ற நொதியே எனக் காட்டினர். அந்நொதி வேறு சில புரதங்களோடு கூட்டாக இயங்குவது 2001-இல் வெளியானது.

சிதைத்தல் என்பது வீணாக்குதல் அன்று என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. வெண்பலகையில் எதை அழிப்பது, எதைப் பாடம் முடியும்வரை விட்டுவைப்பது என்று நாம் நாள்தோறும் முடிவு செய்கிறோம். உயிரணுவும் அவ்வாறே செய்கிறது. உடைந்த துண்டுகளும் வீணாவதில்லை; புதிய ஆர்.என்.ஏ. கட்டப் பயன்படுகின்றன. “கட்டியதை ஏன் உடைக்க வேண்டும்?” என்று பிள்ளைகள் வினவினால், இச்சிற்றுயிரின் கதையையே நான் சொல்வேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள்.