பேறுகால வலியும் தாய்ப்பாலும்: பினாங்கு கண்ட மருந்துகள்

பிரசவத்துக்குப் பின் வரும் வலிகளில் ஒன்று பால் கொடுக்கும்போதுதான் கூடும். குழந்தை மார்பைச் சப்பியதும் தாயின் உடலில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது. பாலை இறங்கச் செய்யும் அதே சுரப்பு கருப்பையையும் சுருங்க வைக்கிறது. இரண்டாம், மூன்றாம் பேற்றில் இந்த வலி இன்னும் கடுமை. வலிக்கு மருந்து எடுத்தால் அது பாலில் இறங்குமோ என்ற அச்சம் இதோடு சேர்ந்தே வருவது. பல இனத்தவர் குடியேறிய பினாங்கின் ஜார்ஜ் டவுன் இந்த வலிக்குப் பல மருந்துகளைக் கண்டிருக்கிறது.

1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்கில் துறைமுகம் அமைத்த பிறகு, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழர் தங்கள் பத்திய முறையையும் உடன் கொண்டுவந்தனர். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு ஆகியவற்றைக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிளறிய மருந்து உருண்டை வயிற்று வலிக்கும் பால் சுரப்புக்கும் என்று கொடுக்கப்பட்டது. மலாய்க்காரர் வீடுகளில் மருத்துவச்சியின் எண்ணெய்த் தடவலும் வயிற்றுக் கட்டும், சீனர் வீடுகளில் இஞ்சியும் மூலிகைகளும் இதே வேலைக்கு உதவின. வெந்நீர் ஒத்தடமும் இதமான தடவலும் இன்றைக்கும் தீங்கற்ற முதல் மருந்துகளே.

பினாங்குத் தீவில் விளைந்த மருந்துச் சரக்கு ஜாதிக்காய். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனியின் தாவரவியலாளர் கிறிஸ்டபர் ஸ்மித் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து அனுப்பிய கன்றுகளால் இங்கே ஜாதிக்காய்த் தோட்டங்கள் பெருகின. பாலிக் பூலாவ் பகுதியில் இன்றும் அது விளைகிறது. ஜாதிக்காய்த் தைலம் தீவின் பெயர்பெற்ற பொருள். மூட்டுக்கும் இடுப்புக்கும் தேய்க்கும் தைலங்கள் பலவற்றில் கற்பூரமும் மெத்தில் சாலிசிலேட்டும் கலந்திருக்கும். இவற்றை மார்பில் பூசினால் குழந்தையின் வாய்க்கும் மூக்குக்கும் நேரே போய்ச் சேரும். கைக்குழந்தைக்குக் கற்பூரம் வலிப்பைக்கூட உண்டாக்கலாம். ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடுள்ள குழந்தைக்குக் கற்பூரத்தால் இரத்த அணுக்கள் சிதையவும் கூடும். அந்தக் குறைபாடு இருக்கிறதா என்று மலேசிய மருத்துவமனைகள் தொப்புள்கொடி இரத்தத்திலேயே பார்த்துவிடுகின்றன.

வலி தீர்க்கும் பொருள்களில் காலனி அரசுக்கு வருவாய் தந்தது அபின். அதை விற்கும் உரிமை நெடுங்காலம் குத்தகைக்கு விடப்பட்டது. 1910இல் அரசே விற்பனையை ஏற்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தடை வந்தது. அபினிலிருந்து 1832இல் பிரித்தெடுக்கப்பட்ட கோடீன் மாத்திரையாக மருத்துவமனைகளில் நிலைத்தது. சிலருடைய உடல் கோடீனை மிக வேகமாக மார்ஃபீனாக மாற்றிவிடும். அத்தகைய தாயின் பாலில் மார்ஃபீன் அளவு உயரலாம். டொரண்டோவில் கோடீன் எடுத்த ஒரு தாயின் குழந்தை 13ஆம் நாளில் இறந்த செய்தி 2006இல் வெளியானபோது உலகம் விழித்துக்கொண்டது. பால்வழி மருந்துதான் காரணமா என்று பின்னாளில் அறிஞர்கள் ஐயம் எழுப்பினர். ஆயினும் பாலூட்டும் தாய்க்குக் கோடீனும் டிரமடோலும் வேண்டாம் என்று 2017இல் அமெரிக்க மருந்துத் துறை விடுத்த எச்சரிக்கை நிற்கிறது.

தாய்ப்பாலுக்கு எதிரான இன்னொரு ஆபத்து டின்னில் வந்தது. மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரையில், இனிப்பிட்ட டின் பாலால் குழந்தைகள் மடிவதைக் கொலை என்றே சாடினார். டின் பாலுக்கு எதிரான அந்தப் போராட்டம் பிற்காலத்தில் பினாங்கில் வேரூன்றியது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும், அன்வார் பாசல் போன்ற பயனீட்டாளர் இயக்கத்தவரும் பால்மாவு விளம்பரங்களை எதிர்த்தனர். 1981இல் உலக சுகாதார அமைப்பு பால்மாவு விற்பனை நெறிமுறையை ஏற்றது. 1991 பிப்ரவரி 14இல் தோன்றிய உலகத் தாய்ப்பால் செயற்கூட்டணியின் செயலகம் பினாங்கிலேயே அமைந்தது. ஆகஸ்டு முதல் வாரத்தில் உலகெங்கும் கொண்டாடப்படும் தாய்ப்பால் வாரத்தை 1992இல் தொடங்கி வைத்தது இந்த அமைப்புதான்.

இனி மருந்து அச்சத்துக்கு வந்தால், மாத்திரைக்காகப் பாலை நிறுத்துவது பெரும்பாலும் தேவையற்றது என்பதை ஆய்வுகளும் காட்டின. எந்தெந்த மருந்து பாலில் இறங்கும் என்ற பட்டியலை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 1983இல் வெளியிட்டது. உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃப்பும் 2002இல் தங்கள் பட்டியலைத் தந்தன. உடல் எடைக்கு ஏற்பத் தாய் எடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குழந்தைக்குச் சேருமானால், அந்த மருந்து பொதுவாக ஏற்கத்தக்கது. பாரசிட்டமால் பொதுவாக ஏற்கத்தக்கதாகக் கருதப்படுகிறது. ஐபுப்ரொஃபெனில் குழந்தைக்குச் சேரும் பங்கு ஒரு சதவீதத்தையும் எட்டாது. இவ்விரண்டும் முதல் தேர்வு. பாரசிட்டமால் நாளொன்றுக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது. வயிற்றுப் புண்ணோ சிறுநீரக நோயோ உள்ளவர் மருத்துவரைக் கேளாமல் ஐபுப்ரொஃபென் எடுக்கலாகாது. வலிக்கு ஆஸ்பிரின் தவிர்க்கத்தக்கது. அறுவை சிகிச்சைக்குப் பின் வலுவான மருந்து தேவைப்பட்டால், மருத்துவர் குறைந்த அளவில், குறைந்த நாளுக்குத் தருவார். அந்நாள்களில் குழந்தை அளவுக்கு மீறித் தூங்குகிறதா, பால் குடிக்க மறுக்கிறதா, மூச்சு தடுமாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லேகியமும் மூலிகையும் எடுக்கும் தாய் அவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. வலி தணிந்த தாயால் நிம்மதியாகப் பால் கொடுக்க முடியும். ஏற்ற மருந்தைச் சரியான அளவில் எடுப்பது தாய்ப்பாலுக்கும் துணையே.