கடல் கொண்ட வரைபடம்



எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களைப் போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள லுக்குட் அருங்காட்சியகத்திற்கு ஒருமுறை அழைத்துச் சென்றிருந்தேன். 1606இல் தஞ்சோங் துவான் கடற்போரில் மூழ்கிய 'நசாவ்' எனும் டச்சுக் கப்பலினின்று மீட்கப்பட்ட பொருள்களை அங்கே கண்டோம். மாணவன் ஒருவன், "ஐயா, தங்கம் எங்கே?" என்று வினவினான். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

நம் நீரிணையில் தங்கக் கப்பல் என்றதும் நினைவுக்கு வருவது 'ஃபுளோர் டி லா மார்'. கடல்மலர் என்பது அதன் பொருள். 1511 ஆகஸ்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியத் தளபதி அல்புகர்க், தாம் கவர்ந்த செல்வத்தை அதில் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்டார். 1502இல் லிஸ்பனில் கட்டப்பெற்ற அக்கப்பல் அப்போதே தளர்ந்திருந்தது. அவ்வாண்டின் இறுதியில் சுமத்திராக் கரையருகே புயலில் உடைந்து மூழ்கியது. அல்புகர்க் தெப்பமொன்றில் உயிர் தப்பினார். செல்வம் கடலுக்காயிற்று. அது கிடைத்துவிட்டதாக எவரும் இதுவரை மெய்ப்பிக்கவில்லை.

தங்கத்தின் அளவுபற்றி ஆளுக்கொரு கணக்குச் சொல்வர். ஆயினும், 1512 ஏப்ரல் 1ஆம் நாள் அல்புகர்க் தம் மன்னர் மானுவேலுக்கு எழுதிய மடல் வேறோர் இழப்பைக் கூறுகின்றது. அது சாவக மாலுமி ஒருவரின் பெரிய வரைபடம். நன்னம்பிக்கை முனை, பிரேசில், செங்கடல், கிராம்புத் தீவுகள், சீனர்தம் கடல்வழிகள் ஆகியன சாவக எழுத்தில் அதில் குறிக்கப்பட்டிருந்தன. தாம் கண்டவற்றுள் அதுவே மிகச் சிறந்தது என அவர் வியந்துள்ளார். மூலம் மூழ்கியது, பிரான்சிஸ்கோ ரோட்ரிகஸ் எனும் மாலுமி நகலெடுத்திருந்த ஒரு பகுதி மட்டுமே மன்னருக்கு அனுப்பப்பட்டது.

வென்றவரையே வியக்கவைத்த அறிவு நம் கீழைக்கடலோர்க்கு இருந்தது. தமிழ் வணிகரும் நிறைந்து வாழ்ந்த மலாக்காவின் அவ்வறிவுச் செல்வம் நகலின்றிப் போனதே உண்மையான இழப்பு என்று அம்மாணவனுக்கு விடை கூறினேன்.

பெற்றோர்களே, நம் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. லயன் வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. பாட்டனாரின் பழைய அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, கோயில் திருவிழாப் படம் ஆகியன இன்னும் உங்கள் பெட்டிகளில் இருக்கக்கூடும். அவற்றை நகலெடுத்து வையுங்கள்; பிள்ளைகளிடம் அவற்றின் கதையைச் சொல்லுங்கள். நம் கப்பல் மூழ்குமுன் ஒரு பகுதியேனும் கரை சேரட்டும்.