கிந்தன் திரும்பி வந்தான்: உடுமலை நாராயணகவியும் காலட்சேப வடிவமும்

உடுமலை நாராயணகவியைப் பற்றி நம் தமிழ்த்துறைகளில் எழுதப்படுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பாட்டைத் தாளில் வைத்துக்கொண்டு சீர்திருத்தக் கருத்து எத்தனை, பகுத்தறிவு எத்தனை என்று பொறுக்கி அடுக்கிவிடுவது. மெட்டு எங்கே போச்சு? யாரும் கேட்பதில்லை. சினிமாப் பாட்டையும் பிரதியாக வாசிக்கலாம் என்று ஒப்புக்கொண்டவர்கள்கூடக் காதைப் பொத்திக்கொண்டுதான் வாசிக்கிறார்கள்.

கவி 1899இல் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் பூளவாடியில் பிறந்தவர். பள்ளிப்படிப்பு நாலாம் வகுப்போடு சரி. அதற்குமேல் படிப்பு என்பது ஊர்க்கலைகளும், முத்துசாமிக் கவிராயரும், நாடக மேடையும்தான். சொல் அவரிடம் காதுவழி வந்து சேர்ந்தது. இதை விட்டுவிட்டு 'கிந்தனா'ருக்குள் நுழைய முடியாது.

என்.எஸ்.கிருஷ்ணனுக்காக அவர் எழுதிய கதாகாலட்சேபம் 'கிந்தனார்'. 1949இல் வந்த 'நல்லதம்பி' படத்திலும் இடம்பெற்றது. அது பகடி செய்வது கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்தை. பெரியபுராணத்தில் இல்லாத வேதியரை நந்தனுக்கு ஆண்டையாக்கியவர் பாரதி. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார், இலக்கண வழுக்கள் கண்ணில் பட்டதால். பிறகு பாரதி பாடக் கேட்டு உருகிக் கொடுத்தார் என்று உ.வே.சா. எழுதியிருக்கிறார். நம் ஆய்வாளர்கள் இன்னும் பாட்டுக் கேட்பதற்கு முந்தைய பிள்ளையாகவே இருக்கிறார்கள்.

கொங்குக்கும் நந்தனுக்கும் வேறொரு உறவும் உண்டு. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாக நடித்தவர் கொடுமுடிக்காரரான கே.பி.சுந்தராம்பாள். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். வேதியராக வந்தவர் மகாராஜபுரம் விசுவநாதய்யர். நாடக மேடையின் பெண்குரல் அடிமையாகவும் கச்சேரி வித்துவான் ஆண்டையாகவும் எதிரெதிரே நின்றது தனிக்கட்டுரைக்கான விஷயம்.

நந்தன் சிதம்பரம் போனான், தீயில் இறங்கினான், சேரிக்குத் திரும்பவில்லை. கிந்தன் படிக்கப் பட்டணத்துக்கு ரயிலேறுகிறான். ரயில் சாதி பார்ப்பதில்லை. பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் அதிகாரியாகத் திரும்பி வருகிறான். கதையாகச் சொன்னால் இவ்வளவுதான், ஒரு பிரச்சாரத் துண்டுப்பிரசுரத்துக்குள் அடங்கிவிடும். விஷயம் வடிவத்தில் இருக்கிறது. தஞ்சாவூரில் மராட்டியக் கீர்த்தன மரபிலிருந்து உருவான காலட்சேபத்தில் பாட்டும் வசனமும் மாறிமாறி வரும். வசனம் பாகவதர் கையிலிருக்கும் அதிகாரம். யார் பக்தன், யார் பாவி என்று அவர்தான் சொல்லுவார். கிந்தனாரில் அந்த ஆசனத்தில் உட்காருவது கலைவாணர்.

தாழ்த்தப்பட்டவன் கதையை ஒரு சிரிப்பு நடிகர் சொன்னால் சிரிப்பு யார்மேல் விழும்? நியாயமாகப் பயப்பட வேண்டிய கேள்வி. சுருதியும் தாளமும் பாகவத பாணியும் கொஞ்சம் சறுக்கினாலும் கிந்தன்தான் கோமாளியாவான். வடிவம் கச்சிதமாக இருப்பதால் சிரிப்பு பாகவதரின் தோரணைமேல் விழுகிறது, கிந்தன் தப்பித்துக்கொள்கிறான். கவியின் சாமர்த்தியம் இதில்தான் இருக்கிறது, கருத்துகளின் எண்ணிக்கையில் இல்லை.

ஆனால் அதே வடிவம்தான் அவரைக் கட்டியும் போடுகிறது. காலட்சேபத்தைக் கிண்டல் பண்ணினால் அடி வேதிய மரபுக்குத்தான் விழும். கொங்கில் ஆண்டை வேதியரா? இங்கே கைகட்டி நின்று 'பண்ணாடி' என்று கூப்பிட்டது நிலம் வைத்திருந்த பிராமணரல்லாதாரை. அந்தப் பண்ணாடியும் கொட்டகையில் உட்கார்ந்து பாகவதரைப் பார்த்து நிம்மதியாகச் சிரித்திருக்கலாம். திராவிட இயக்கத்துக்கு இது தெரியாததல்ல. அதே 1949இல் சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில் ஜூபிடர் எடுத்த 'வேலைக்காரி'யில் கொடுமைக்கார ஜமீன்தார் வேதாசல முதலியார்தான். கதை அண்ணாவுடையது, பாட்டெழுதியவர் இதே கவி. வசன நாடகம் சொல்ல முடிந்ததைக் காலட்சேபத்தால் சொல்ல முடியவில்லை என்பதே என் வாசிப்பு.

உடுமலைப்பேட்டையில் கவிக்கு மணிமண்டபம் இருக்கிறது. 'நம்ம ஊர்க் கவி' என்று எல்லாச் சாதியாரும் கொண்டாட அவர் வசதியாக இருப்பதற்கு இந்த விடுபடலும் ஒரு காரணம்தான். என்றாலும் கிந்தன் திரும்பி வருகிறானே, அதை அவ்வளவு சுலபமாகச் செரித்துவிட முடியாது. பள்ளிக்கூடத்தில் அவன் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய பிள்ளைகளில் பண்ணாடி வீட்டுப் பிள்ளையும் உண்டு. கவி அதை எழுதவில்லை. தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கேட்டிருக்கும்.