இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட குருப்பட்டம்

தரங்கம்பாடி மிஷனரிகள் உள்ளூர்ப் பண்பாட்டை மதித்து ஊழியம் செய்தார்கள் என்று சபை வரலாறுகள் பாராட்டும். தமிழ் படித்தார்கள், தமிழில் அச்சிட்டார்கள், தமிழில் ஆராதித்தார்கள்; எல்லாம் உண்மைதான். ஆனால் தோழர்களே, காவிரிப் படுகையில் "பண்பாடு" என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருந்தது என்று பார்க்க, ஒரு பறையர் உபதேசியாரின் கதையைப் படிக்க வேண்டும்.

சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1714இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் அச்சாயின. தஞ்சை மராத்திய மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்த இராஜநாயக்கன் அவற்றைப் படித்தார். கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த பறையர் அவர். 1720களின் பிற்பகுதியில் தரங்கம்பாடி சபையில் சேர்ந்து உபதேசியார் ஆனார். தஞ்சை ராஜ்ஜியத்துக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் நினைத்தபடி நுழைய முடியாத காலம் அது. இவரைப் போன்ற உபதேசிமார்தான் கிராமம் கிராமமாகப் போனார்கள். தஞ்சை என்றதும் எல்லோரும் சுவார்ட்ஸ் ஐயரைச் சொல்கிறார்கள். அவர் இந்தியாவுக்கு வந்ததே 1750இல்தான்.

சபைக்குள் நிலைமை வேறு. ஒரே கூரையின் கீழ் வெள்ளாளரும் பறையரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். நற்கருணையில் வெள்ளாளர் முதலில், பறையர் பிறகு. 1733இல் ஆரோன் என்ற வெள்ளாளர் முதல் தமிழ்க் குருவானார். அடுத்த குருவைத் தேடியபோது இராஜநாயக்கன் பெயரும் பேசப்பட்டது. அவருடைய திறமையில் மிஷனரிகளுக்குச் சந்தேகம் இல்லை. சிக்கல் அவர் கையில் இருந்தது. பிரசங்கம் காதில் விழுவது. அப்பமும் பாத்திரமும் கையிலிருந்து வாய்க்குப் போவது. பறையர் கையால் கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களிடம் நற்கருணைக்கே மதிப்புக் குறைந்துவிடும் என்று பயந்தார்கள். 1741இல் பறையரல்லாத தியோகுவுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. இராஜநாயக்கன் 1771இல் உபதேசியாராகவே இறந்தார்.

இதே படுகையில் பறையர் நட்டு, அறுத்து, அடித்துக் கொடுத்த நெல் எந்த வெள்ளாளர் வீட்டு உலையிலும் தீட்டாகவில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1833இல், கல்கத்தா ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விட்டொழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சை வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். வேதநாயக சாஸ்திரியார் அதற்கு முன்பே சாதி வழக்கத்துக்காக வாதாடி எழுதியிருந்தார். சுவார்ட்ஸிடம் படித்த பெரும் புலவர். அவருடைய பாடல்கள் இன்றும் நம் தெருக் கோயில்களில் ஒலிக்கின்றன. சாதி உலக வழக்கம், பழைய குருமார் அனுமதித்தது, புதியவர்கள் ஏன் கெடுக்கிறார்கள் என்பது அந்தத் தரப்பின் வாதம். 1840களில் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் விட்டுக்கொடுத்தது. வெளியேறியவர்கள் பலருக்கு அங்கே இடம் கிடைத்தது. வில்சனை நாம் தலையில் தூக்கிவைக்க வேண்டியதில்லை, அவர் ஆள்பவர்களின் பேராயர். ஆனாலும் "எங்கள் பண்பாட்டில் கை வைக்காதே" என்ற குரல் யாருடைய பண்பாட்டைக் காத்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

கிறிஸ்தவத்தில் சாதி இல்லை என்று சொல்லித்தான் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையை இன்றும் நியாயப்படுத்துகிறார்கள். பட்டியல் சாதி உரிமை சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் கிடைத்தது. தலித் கிறிஸ்தவர்களுக்காக 2004இல் போடப்பட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. சாதி இல்லாத மதத்தில் இராஜநாயக்கனுக்கு ஏன் பட்டம் கிடைக்கவில்லை என்பதற்கான பதில், அந்த மிஷனரிகள் தங்கள் கையாலேயே எழுதிவைத்த பதிவுகளில் இருக்கிறது.