'ரீட்' என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயர்: தோற்றமும் வரலாறும்

1. பெயரும் பொருள் மயக்கமும்

ஆங்கிலக் குடும்பப்பெயர்களைத் தந்தை பெயரால் அமைந்தவை, இடத்தால் அமைந்தவை, தொழிலால் அமைந்தவை, பட்டப்பெயரால் அமைந்தவை என நால்வகையாகப் பகுப்பது மரபு. இவற்றுள் பொருள் காண்பதற்கு மிகுதியும் இடர்ப்பாடு தருவது நான்காம் வகையாகும். 'ரீட்' என்னும் பெயர் இதற்குத் தக்க சான்று. இப்பெயருக்கு இன்று மூன்று முதன்மையான எழுத்து வடிவங்கள் உள்ளன. ஒரு வடிவம் 'வாசி' என்னும் பொருளுடைய வினையையும், மற்றொன்று 'நாணல்' என்னும் பொருளுடைய பெயர்ச்சொல்லையும் ஒத்துள்ளது. மூன்றாவது ஸ்காட்லாந்தில் பெருவழக்கினது. இன்றைய அகராதியை மட்டும் துணைக்கொள்வோர் முதலிரு வடிவங்களையும் வாசிப்போடும் நாணலோடும் இணைத்துக் காண்பது இயல்பு. ஆயின் இப்பெயரின் முதன்மையான மூலம் 'சிவந்த' என்னும் பண்படையே. செம்முடியோ சிவந்த முகமோ உடையவரை அது சுட்டிற்று.

2. பட்டப்பெயர் குடும்பப்பெயராதல்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் இயற்பெயர்களின் தொகை சுருங்கியது. வில்லியம், ராபர்ட், ஜான் போன்ற சில பெயர்களே மீண்டும் மீண்டும் இடப்பட்டன. ஒரே ஊரில் ஒரே பெயருடையார் பலர் இருந்தமையால் அவரைப் பிரித்தறிய அடைமொழி வேண்டியதாயிற்று. முடியின் நிறம் எளிதில் கண்ணுக்குப் புலனாவது. ஆகவே நிறப்பெயர்கள் பரவலாக வழங்கின. முதலில் ஒருவரோடு பிறந்து அவரோடு மறைந்த இவ்வடைமொழிகள், நிலவுடைமையாளரிடம் தொடங்கிப் படிப்படியாக மக்கள் அனைவரிடத்தும் வழிவழியாக வருவனவாயின. கருமுடியுடைய மகனும் 'செம்முடியன்' என்னும் பெயரைப் பெற்றபோதே அது குடும்பப்பெயராயிற்று.

இடைக்கால ஆவணங்களில் இப்பெயருக்கு முன்வரும் இடைச்சொல் அதன் மூலத்தை அறிய உதவுகிறது. 'லெ' என்னும் பிரெஞ்சுச் சுட்டு வரின் அது பட்டப்பெயர். 'தெ' என்னும் முன்னிடைச்சொல் வரின் இடப்பெயர். லங்காஷயரில் ரீட் என்றும், ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் ரீட் என்றும் ஊர்கள் உண்மையால் இவ்வேறுபாடு இன்றியமையாதது. அவ்வூர்ப் பெயர்களுக்கும் செந்நிறத்திற்கும் தொடர்பில்லை. இடைச்சொற்கள் வழக்கொழிந்தபின் வெவ்வேறு மூலமுடைய பெயர்கள் ஒரே வடிவில் கலந்துவிட்டன.

3. ஒலி தரும் சான்று

இன்றைய ஆங்கிலத்தில் 'சிவந்த' என்பதற்குரிய சொல் 'ரெட்' எனக் குறிலாக ஒலிக்கிறது. குடும்பப்பெயரோ நெடிலாக ஒலிக்கிறது. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் நெடிய ஈருயிர் பெற்றிருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் அது அங்காந்து ஒலிக்கும் ஏகாரமாகி ஏறத்தாழ 'ரேட்' என வழங்கியது. பின்னர் ஒலி இருவழிப் பிரிந்தது. பண்படையில் அந்நெடில் குறுகியது. ரொட்டி, தலை, ஈயம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களிலும் இக்குறுக்கமே நிகழ்ந்தது. குறுகாத நெடில், ஆங்கில நெட்டுயிர்களின் பெருமாற்றத்திற்கு உட்பட்டு ஈகாரமாயிற்று. 'வாசி' என்னும் பொருளுடைய வினையும் குடும்பப்பெயரும் இவ்வழிச் சென்றவை.

இக்குறுக்கம் எல்லாச் சொற்களிலும் ஒருசேர நிகழவில்லை. சொல்தோறும் வேறுபட்டு நிகழ்ந்தது. பண்படையைத் தொட்ட மாற்றம் குடும்பப்பெயரைத் தொடாது விட்டதெனின், பேசுவோர் மனத்தில் அவ்விரண்டும் அதற்குள் இருவேறு சொற்களாகிவிட்டன எனக் கருத இடமுண்டு. பொருள் நீங்கிய பெயர் பழைய ஒலியைக் காத்துக்கொண்டது. ஸ்காட்டிஷ் மொழியில் பண்படையே குறுகாது நின்றமையால், அங்குப் பெயரும் பண்படையும் இன்றும் எழுத்தாலும் ஒலியாலும் ஒத்துள்ளன. 'பிரௌன்' போன்ற பெயர்களில் பண்படை இவ்வாறு பிரியாமையால் இத்தகைய சான்று கிடைப்பதில்லை.

ரெடிங் நகரின் பெயர் மறுதலையான சான்றாகும். 'சிவந்தவன்' எனப் பொருள்படும் பழைய ஆட்பெயர் ஒன்றன் வழியினரைச் சுட்டும் இவ்வூர்ப்பெயரின் முதற்பகுதி, குடும்பப்பெயரின் ஒரு வடிவத்தைப் போன்றே எழுதப்படினும் குறிலாகவே ஒலிக்கிறது. ஒரே வேர் ஆட்பெயரில் நெடிலாகவும் ஊர்ப்பெயரில் குறிலாகவும் நிற்கிறது.

4. எழுத்தரின் மொழிபெயர்ப்பு

இடைக்கால எழுத்தர்கள் இலத்தீனில் ஆவணம் எழுதுங்கால் செம்முடியரை 'ரூஃபஸ்' என மொழிபெயர்த்தனர். 1087 முதல் 1100 வரை ஆண்ட இரண்டாம் வில்லியம் மன்னருக்கும் இவ்வடைமொழியே நிலைத்தது. ஆங்கில 'ரேட்', பிரெஞ்சு 'ரூஸ்' ஆகிய இரண்டிற்கும் அவ்விலத்தீன் சொல் பொதுவாக நின்றமையால், ஊரார் ஒருவரை எச்சொல்லால் அழைத்தனர் என்பது அத்தகைய ஆவணத்தினின்று புலப்படுவதில்லை. மொழிபெயர்ப்பு பொருளைக் காத்தது, பெயரை மறைத்தது.

இவ்விழப்பு சிறிதன்று. பிரித்தானியாவில் செந்நிறம் பல மொழிகளில் பெயராகியுள்ளது. பிரெஞ்சு 'ரூஸ்' என்பதன் குறுமை வடிவிலிருந்து ரஸ்ஸல் தோன்றிற்று. வேல்ஸ் மொழியின் 'கோக்' என்னும் சொல் காஃப் என்னும் பெயருக்கு ஒரு மூலமாயிற்று. கேலிக் மொழியின் 'ருவா' என்பது, 1734இல் மறைந்த ராப் ராயின் பெயரில் 'ராய்' என நின்றது. பொருள் ஒன்றே, பெயர்களோ ஒவ்வொரு மொழிச் சமுதாயத்தின் இருப்பையும் தனித்தனியே உணர்த்துகின்றன.

5. முடிவுரை

ரீனி 1958இல் வெளியிட்ட குடும்பப்பெயர் அகராதியும், ஹேங்க்ஸ், கோட்ஸ், மக்ளூர் ஆகியோர் 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு வழி வெளியிட்ட பேரகராதியும் பழைய ஆவண வடிவங்களைக் கொண்டே மூலம் காண்கின்றன. இன்றைய எழுத்து வடிவு பொருளுக்குச் சான்றாகாது என்பதே இம்முறையின் அடிப்படை. தமிழில் பெயர்ப்போர் மூன்று வடிவங்களையும் ஒலிப்படி 'ரீட்' எனவும், நகரை 'ரெடிங்' எனவும் எழுதுதல் தகும். மூலத்தில் இப்பெயரை வைத்துச் சொல்விளையாட்டு நிகழுமாயின், அங்கு ஆசிரியர் கருதுவது வாசிப்பா, நாணலா, பழைய செந்நிறமா என்பதை ஆய்ந்து அடிக்குறிப்பில் விளக்கலாம். பெயரையே பெயர்த்தல் இலத்தீன் எழுத்தர் செய்த பிழையை மீண்டும் செய்வதாகும்.